ஓரப்பூச்சு

டைல்ஸ் போடுகிறவர்கள் மத்தியில் அவருக்கு முழுப்பூச்சு என்றே பெயர் விழுந்துவிட்டது. கல்லுக்கு அடியில் ஓரத்தில் மட்டும் கலவையை அப்பி, நடுவைக் காலியாக விட்டு ஒட்டுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் குதிகாலால் தரையைத் தட்டுவார். டொக்கென்று கேட்டால் போச்சு, போட்டவன் பரம்பரையையே இழுப்பார். பக்கத்தில் நிற்கிற மனைவிக்கு மானம் போகும்.

அப்படிப்பட்டவருக்குக் கல் வெட்டும்போது சில்லு தெறித்து, இடது கண்ணையே எடுக்கும்படி ஆயிற்று. அந்தக் குழியில் டாக்டரம்மா ஓர் உருண்டையை வைத்தார். அதன் உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை.

"இந்த ஓட்டைக்குள்ள எல்லாம் உங்க சதையும் ரத்தக்குழாயும் வளர்ந்து போகணும். அப்பத்தான் மேல மாட்டுற கண்ணு நல்லா அசையும். வளரலன்னா தோல் பிரிஞ்சு உருண்டை வெளிய தெரிய ஆரம்பிச்சிடும். சிகரெட்டைத் தொடவே கூடாது."

"அதெல்லாம் கெட்டியாப் பிடிச்சுக்கும்மா. நம்ம பொழப்பே அதுதானே!" என்றார் இவர்.

மனைவிக்கு அந்தக் கண் அசைய வேண்டும் என்றுகூட இல்லை. உருண்டை நின்றால் போதும். இன்னொரு தடவை அவரைக் கத்திக்குக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

மருந்து விட தினமும் அவள்தான் இமையை விரிப்பாள். அப்போது அவர் சட்டையில் புகை வாடை அடிக்கும். கேட்டால், "உன் தம்பி ஊதுனது, என் மேல ஒட்டிக்கிச்சு" என்பார். தம்பியோ, "மச்சான் சும்மா மோந்துதான் பார்க்கிறாரு அக்கா" என்று இளிப்பான். வீட்டோடு அடைந்து கிடக்கிற மனிதரிடம் இதையும் பிடுங்குவானேன் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் இமையை விரித்தவள் கை அப்படியே நின்றது. சிவந்த சதைக்கு நடுவே குருணை அளவுக்கு வெள்ளை.

"என்ன, வாயடைச்சுப் போச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. டாக்டரம்மாவ ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார்கள். உருண்டையின் விளிம்பு பளிச்சென்று இருந்தது. நடு முழுக்க இருட்டு.

"ஓரத்துல மட்டும்தான் ரத்தம் ஓடுது. உள்ள எதுவுமே வளரல. மேல மூடித் தைச்சாலும் நிக்காது, எடுத்துடணும். சிகரெட் பிடிச்சீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "இல்லைங்க" என்றாள்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஓரப்பூச்சு" என்றார். பிறகு சிரித்தார்.

உருண்டையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று ஆஸ்பத்திரி நடையில் அவர் காலடியில் ஒரு கல் டொக்கென்றது. அவள் நின்றாள். அவர் நிற்கவில்லை.

"எந்தப் பய போட்டான்னு கேட்கலியா?"

"போட்டவன் போட்டுட்டான். நட."

கட்டுப் போட்ட பக்கமாக வந்து அவள் கையைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டார்.