வேண்டாம் என்று சொன்ன கேமரா

முதலிபாளையத்தில் பனியன் துணி பின்னும் மெஷின்களுக்கு மெக்கானிக்காக இருந்தேன். பழைய மெஷின் வாங்கப் போகும் முதலாளிகள் என்னையும் காரில் ஏற்றிக்கொள்வார்கள். விலை பேசும் முன் நூல் மாட்டி ஒரு மீட்டர் ஓட்டச் சொல்வேன். துணியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் போதும். ஓர் ஊசி பழுதென்றாலும் நெடுகக் கோடு விழுந்திருக்கும்.

அப்போது என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்திருந்தார்கள். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும். கோயம்புத்தூர் போய், கதிர் மருந்தை ஊசியில் ஏற்றி, மூன்று மணி நேரம் காத்திருந்து, கேமராவுக்கு அடியில் படுக்க வேண்டும். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் கையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். அந்தக் கேமரா நம் ஊருக்கே வந்துவிடாதா என்று ஏங்கினேன்.

எங்கள் ஊரில் அவளைப் பார்த்துவந்த டாக்டரே தன் ஆஸ்பத்திரிக்குப் பழையதாக ஒன்று வாங்கக் கிளம்பினார். "பழைய மெஷின் பாக்கறதுல நீங்க கில்லாடியாமுங்க, கூட வாங்க" என்றார். பெங்களூரில் ஒரு கிடங்குக்குப் போனோம்.

விற்பவர் ஒரு தட்டைக் கேமராவின் முகத்தில் வைத்தார். எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கதிர் வீசும் தட்டு. திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரவேண்டுமாம். வந்தது. ஓரத்தில் மட்டும் நாலணா அளவுக்கு ஒரு மங்கல் வட்டம். அவர் சட்டென்று ஏதோ பட்டனைத் தட்டினார். வட்டத்தைக் காணோம்.

"என்னங்க பண்ணுனீங்க?"

"சாஃப்ட்வேர் சார். அதுவே சரி பண்ணிடும்."

"கிழிசல் பனியனை அயர்ன் பண்ணி மடிச்சு வெச்சா எக்ஸ்போர்ட் பீஸ் ஆயிருமுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். விற்பவர் சிரிக்கவில்லை. "இதுன்னா அடுத்த மாசமே மாட்டித் தந்துடறேன். புதுசுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னங்க சொல்றீங்க? ஊட்டு அம்மிணிக்கும் அடுத்த படம் ஊர்லயே எடுத்துரலாம்."

அந்த வட்டத்துக்கு நேரே அவளுடைய விலா எலும்பு வந்தால்?

"வேண்டாமுங்க" என்றேன். டாக்டர் புதுசுக்கே ஆர்டர் கொடுத்தார்.

வீட்டில் சொன்னபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாத்தானுங்க சொல்லியிருக்கீங்க. பஸ்ஸுல சன்னலோரம் மட்டும் எனக்குங்க" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தில் இரண்டு முறை கோயம்புத்தூர் போனோம். ஊசி போட்டவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பக்கத்தில் யாரும் ஒட்டி உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பாட்டிலும் கையுமாக அவள் உட்கார்ந்திருப்பாள். "நர்ஸம்மா சொன்னது கேட்டுதுங்களா? தள்ளி உக்காருங்க" என்று விரட்டுவாள். ஷிஃப்டு, ஓவர்டைம் என்று நான் ஓடிய இருபது வருஷத்தில் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அங்கேதான் சொன்னாள். நான் வாங்கி வரும் மல்லிகை அவளுக்குத் தலைவலி தரும், மரிக்கொழுந்துதான் பிடிக்கும் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

புதுக் கேமரா வந்தது. அதே மாதிரி தட்டை வைக்கச் சொல்லிப் பார்த்தேன். பழுதில்லாத துணி போலத் திரை. வீட்டிலிருந்து பத்து நிமிஷம். ஊசி போட்டுக்கொண்டவள், "மூணு மணி நேரத்துக்கு எதுக்குங்க லீவு? நான் ஊட்டுக்குப் போய் உலை வெக்கறேன், நீங்க கம்பெனிக்குப் போங்க" என்றாள்.

போனேன். அதற்குப் பிறகு எடுத்த படமெல்லாம் சுத்தம். இருவருமாகக் கோயம்புத்தூர் பஸ் ஏறவே இல்லை.

கடைசியில் அவளைக் கொண்டுபோனது புற்றுநோய் அல்ல, ஏதோ ஒரு காய்ச்சல். இப்போது தனியாக அந்தப் பஸ்ஸில் ஏறினால், சன்னலோரத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.