அல் ஐனில் ஒரு பாதி வீடு

அமீரகத்தின் அல் ஐன் நகரில் நாங்கள் பல வருடம் குடியிருந்தது ஒரு வீட்டின் பாதியில். பழைய தரைத்தள வில்லா அது. வீட்டுக்காரர் நடுவில் பலகைத் தடுப்பு அடித்து, இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்தப் பக்கம் நான், கணவர், சின்ன மகள். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துத் தம்பதி. அவர் கட்டுமான அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுபவர். அவர் மனைவியை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர்களுடைய ஒரே மகன் மெல்பர்னில் இருந்தான்.

தடுப்பு என்பது பெயருக்குத்தான். அக்காவின் கணவர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் சண்டை என்றால், மறுநாள் அக்கா எதுவும் கேட்காமல் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் சொதியைக் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அக்காவும் கணவரும் தெருமுனை ரொட்டிக்கடைக்கு நடந்து போவார்கள். என் மகளும் கூடவே ஓடுவாள். கடைக்காரப் பட்டாணியர் அவளுக்கென்று குட்டியாக ஒரு ரொட்டி சுட்டுக் கொடுப்பார்.

ஒரு கோடை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். அக்கா செருப்பில்லாமல் அந்த வெயிலில் நின்றிருந்தார்.

"தங்கச்சி, அவரை எழுப்புறன், எழும்புறார் இல்லை."

குரலில் பதற்றமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கணவர் ஓடினார். அக்காவின் கணவர் சோபாவில் தூங்குவது போலவே சாய்ந்திருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு அவர்கள் அவசரப்படவில்லை.

பட்டாணியர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். எதிர் வீட்டு அரபுப் பெண்மணிக்கு எங்கள் பாஷை தெரியாது. அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர், இருட்டும்வரை அவர் கையை விடவில்லை.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் செய்து, உடலை அனுப்பச் சொன்னார்கள். மகன் வந்து சேர்ந்ததும், அம்மா சொல்வதுதான் முடிவு என்றான்.

"அங்கை ஆர் இருக்கினம்? வீடு எண்டு நாங்கள் இருந்தது இதுதானே" என்றார் அக்கா.

அல் ஐனிலேயே தகனம் செய்தோம்.

ஆனால் அக்காவின் விசா கணவருடைய வேலையை ஒட்டியது. வீடென்று அவர் சொன்ன இடத்தில் அவரே இருக்க முடியாமல் போனது. மகனோடு மெல்பர்னுக்குக் கிளம்பும்போது என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மகள் சில நாள் தடுப்பைத் தட்டிப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். பக்கத்தில் குழாய் திறக்கும் சத்தத்துக்கும், பாத்திரம் வைக்கும் சத்தத்துக்கும் என் காது எவ்வளவு பழகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சில மாதம் கழித்து, வீட்டை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். நாங்கள் நகரத்துக்குள் ஆறாவது மாடி ஃப்ளாட் ஒன்றுக்கு மாறினோம்.

அக்கா எப்போதாவது போன் செய்வார். சென்ற வாரம் பேசியபோது, வீடு இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"இப்ப உங்களுக்குப் பக்கத்திலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

யாரோ இருக்கிறார்கள் அக்கா, இன்னும் முகம் பார்த்ததில்லை என்றேன்.

"இஞ்சையும் அப்பிடித்தான்" என்றார்.