இலுப்பூர் ஷெட்டில் ஒரு போர்க்கால லாரி

காலை 8.10. திருக்கோகர்ணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு, கேஸை அணைத்தேனா என்று மறுபடி திறந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. இடுப்பில் பதினோரு மாத மகள் யாழினி. கைப்பேசியில் மஸ்கட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய பட்டியல். இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த ராணுவ லாரி ஒன்று இலுப்பூரில் விற்பனைக்கு இருக்கிறது. அதில் எவை அசல் பாகங்கள், எவை பிறகு செய்து மாட்டியவை என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளைச் சீரமைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு, அப்படி ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது பல வருட ஆசை. மறுநாள் கோவையிலிருந்து வேறொருவர் பார்க்க வருகிறாராம். என் கணவருக்கு விடுப்பு இல்லை. ஆகவே, பி.எஸ்சி. கணிதம் படித்த நான் கிளம்பினேன். போலியை அசல் என்று சொல்லிவிட்டால்? அசலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இரண்டுக்கும் சமமாகப் பயந்தேன்.

பஸ் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். 8.50க்கு இலுப்பூர் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்னவாசல் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். நடத்துநர் யாழினியைப் பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, இந்த வேக்காட்டுல புள்ளைக்கு எதுக்குக் குல்லா?"

"காத்து அடிக்குமேன்னு..."

"அடிச்சாத்தானே. கழட்டி விடுங்க."

கழற்றினேன். அன்னவாசல் தாண்டியதும் மறுபடி மாட்டினேன்.

10.05. லாரியின் உரிமையாளர் பழனிவேல் ஊர் எல்லையில் நெல் லாரிகள் வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். "வாங்க தங்கச்சி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி மல்லிகா, "குடுங்க இங்கிட்டு" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். குல்லா மறுபடி கழன்றது.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் லாரி பச்சை நிறத்தில், மூக்கு சப்பையாக நின்றது. முன்கண்ணாடியின் மேல்புறம் வெளியே நீட்டி, கீழ்ப்புறம் உள்ளே வாங்கியிருந்தது. வெயில் பட்டுப் பளிச்சிட்டு மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இப்படிச் செய்தார்களாம். பட்டியலில் இருந்ததுதான், நேரில் பார்த்தபோது சிலிர்த்தது. சக்கரங்கள் இரண்டு பாதிகளாக, வட்டமாகப் போல்ட் போட்டு இணைத்தவை. அவையும் அசல். பழைய போல்ட்டின் தலையில் தயாரித்தவரின் ஒற்றை எழுத்து இருக்கும் என்று அண்ணன் எழுதியிருந்தார். இடது கதவின் போல்ட்டுகளில் எழுத்து இருந்தது. வலது கதவில் எல்லாம் மொட்டை.

"அண்ணே, இந்தக் கதவு புதுசா?"

"அது பொன்னமராவதியில அடிச்சது. அட, வாரவன் எவனும் கண்டுபிடிச்சதில்லையே" என்று பழனிவேல் மனைவியைப் பார்த்தார். "இவங்க அண்ணன் போன்ல பேசுன அன்னைக்கே சொன்னேன்ல, படிச்ச புள்ளைன்னு."

11.20. எஞ்சினை டீசலுக்கு மாற்றியது அண்ணனுக்கு முன்பே தெரியும். மிச்சம் இருந்தது தொழிற்சாலையில் பொருத்திய எண் தகடு. வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில் அடித்த எண்ணும், ஓட்டுநர் முன்னால் உள்ள தகட்டின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தகடு அசலாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்பது அண்ணனின் முடிவு.

பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. ஆங்கில எழுத்துகள் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தன. என் கல்யாணத்துக்கு வந்த குடங்களில் பெயர் வெட்டியது அப்படியே இந்தக் கைதான். சந்தேகப்படுவது மரியாதையா என்று யோசித்தபடி தகட்டின் உச்சியைப் பார்த்தேன். சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி.

"அண்ணே, கனடாக்காரங்க பிள்ளையார் சுழி போட்டா ஆரம்பிச்சாங்க?"

பழனிவேல் குனிந்து பார்த்தார். பிறகு ஷெட் அதிரச் சிரித்தார். "பாத்திரக் கடைக்காரன் கையி, சுழி போடாம ஓடாது தங்கச்சி. பழசு மங்கிப் போயிருந்துச்சு. பாக்க வாரவங்களுக்குப் பளிச்சுன்னு தெரியட்டும்னு அதைப் பாத்து வெட்டி மாட்டினேன். ஏமாத்த இல்ல."

"பழைய தகடு?"

அவர் சிரிப்பு நின்றது. "எங்கிட்டுப் போட்டேன்னு தெரியலையே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

"சாமி ஷெல்ப்புல இருக்கு" என்றார் மல்லிகா, குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டியபடி. "ஆயுத பூசையன்னைக்கு வண்டிக்கு வச்ச பொட்டு அது மேலதான் இருந்துச்சு. பொட்டு வச்சதைத் தூக்கிப் போடுவாங்களா? ஒங்களுக்கு விவரமே பத்தாது."

சந்தனமும் குங்குமமும் அப்பிய தகடு வந்தது. துடைக்க எனக்குக் கை வரவில்லை. மல்லிகாவே ஈரத்துணியால் துடைத்தார். இயந்திரத்தில் அழுத்திய ஒரே ஆழ எழுத்துகள். நான்கு மூலைத் துளைகளும் வண்டியின் துளைகளோடு பொருந்தின. அடிச்சட்டத்தின் எண் பெயின்டில் புதைந்திருந்தது. யாழினியின் பவுடரைத் தூவித் தேய்த்ததும் இலக்கங்கள் வெள்ளையாக எழுந்தன. வீடியோ அழைப்பில் அண்ணனுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். மூன்று முறையும் ஒன்றுதான்.

"நீ என்ன சொல்ற?" என்றார் அண்ணன்.

"கதவு புதுசு. தகடு அசல். வாங்குங்கண்ணே."

12.30. பழனிவேல் அந்த லாரியிலேயே எங்களைப் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மல்லிகாவும் ஏறிக்கொண்டார். எஞ்சின் எங்கள் நடுவிலேயே உறுமியது. யாழினி அதோடு சேர்ந்து கத்தினாள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. வழியில் பழனிவேலின் கைப்பேசி அடித்தது. பேசிவிட்டு அவர் சொன்னார்: "ஒங்க அண்ணன்தான். வெலை பேசி முடிச்சாச்சு. கோயமுத்தூர்க்காரரை வர வேணாம்னு சொல்லிடணும்."

திரும்பும் பஸ்ஸில், எண்களை எடுத்திருந்த புகைப்படங்களைத் திறந்தேன். அது எட்டா, மூன்றா? எட்டுத்தான். நான் வாங்கும் புடவையைக்கூட நாலு பேரிடம் காட்டிக் கேட்பேன். அண்ணன் என்னைத் தவிர யாரையும் கேட்கவில்லை.