இடுப்பை ஏசியவள்

என் அக்காள் ஜெபகனி ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டு, இளவயதிலேயே கணவனை இழந்தாள். வாழைத்தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டாள். ஊரில் யாருக்கு வயிறு பொருமினாலும், வயிற்றோட்டம் கண்டாலும் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். வயல் வரப்பில் படர்ந்திருக்கும் புளியாரைக் கீரையைப் பறித்து அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பாள்.

பறிக்கும்போது அவள் உதடு அசையும். வினை அதில்தான் வந்தது. காப்புக் கட்டி மந்திரம் சொல்லி மூலிகை எடுப்பது கிறிஸ்துவை அறியாத அஞ்ஞானிகளின் வழக்கம். ஜெபகனியும் அதைச் செய்கிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 1908இல் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் குருவானவர் எலியேசர் அவளைச் சபை நடுவே நிறுத்தினார். நானும் அங்கே இருந்தேன்.

"கீரை பறிக்கையில என்னம்மா முணுமுணுக்கே?"

"குனிஞ்சா உயிர் போகுதுய்யா. ஏசுதேன்."

"ஏசுவையா?"

"இடுப்பைய்யா! அவரை நான் எதுக்கு ஏசப்போறேன்?"

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் கோயிலே சிரித்தது. குருவானவருக்கு அது பொறுக்கவில்லை. கர்த்தரின் பேரைக் கேலி செய்தாள் என்றார். முழங்காலில் நின்று, சொன்னது மந்திரம்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்குத் திருவிருந்து இல்லை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை.

"செய்யாததுக்கு எப்படிய்யா மன்னிப்புக் கேக்க?" என்றாள்.

கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. திருவிருந்தன்று எல்லாரோடும் எழுந்துபோய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டுக் கையை நீட்டுவாள். அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகும். வெறுங்கையோடு திரும்புவாள். அடுத்த முறையும் போவாள்.

"குடுக்காதது அவர் பாடு. நீட்டுதது எம் பாடு" என்பாள்.

புளியாரையையும் விடவில்லை. இடுப்பை மட்டும் முன்னைவிட உரக்க ஏசினாள், வரப்பில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

போன ஐப்பசியில் அவள் இறந்தாள். சபை மூப்பர் அருமைநாயகம் என்னைத் தனியே அழைத்தார்.

"கடைசியில மனந்திரும்பிட்டாள்னு ஒரு வார்த்தை சொல்லும் வே. புருசன் பக்கத்துலயே இடம் தாராங்க."

"திரும்பலையே, அண்ணாச்சி."

"அது யாருக்கு வே தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா."

வாழைத்தோட்டத்தில் குழி வெட்டினோம். மழையில் நனைந்துகொண்டே அடக்க ஜெபத்தை நானே வாசித்தேன். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சபையார். யார் யார் போனது என்று குருவானவர் இப்போது விசாரிக்கிறாராம். முதலில் என் பெயரைச் சொல்லும்படி அருமைநாயகத்திடம் சொல்லியிருக்கிறேன்.