தேரன்று நான் வேலைக்குப் போனேன்

போன வருடம் தை மாதம் என் கணவர் ரூபன் வேலை செய்த உணவகம் மூடப்பட்டது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, எடுத்து நடத்த ஆளில்லை, மூடினார்கள். யார் மீதும் கோபப்பட முடியாத வேலையிழப்பு. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

வேறு சமையலறைகள் ஆள் தேடின. ஆனால் ரூபனின் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் நாங்கள் இருவரும், மூன்று வயது மகள் ஆரணியும், ரூபனின் அம்மாவான என் மாமியும். ரூபனுக்கு வந்த வேலையிழப்புப் பணம் எங்களுக்குப் போதவில்லை. மீதிக்கு அரசாங்க உதவி கேட்டுப் போனோம். ஜேர்மனியில், இந்தப் பீலெஃபெல்டில், எங்கள் ஆட்கள் அதைச் ‘சோசல்’ என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

“உதையும் எழுதப்போறீரோ?” என்று ரூபன் இப்போது என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்கிறார்.

எழுதுகிறேன். வாங்கினோம். எங்கள் அம்மன் கோவிலுக்கு வரும் குடும்பங்களில் நாங்கள் மட்டும் வாங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தலை குனிய இதில் என்ன இருக்கிறது?

இப்போது இப்படிக் கேட்கிறேன். அப்போது குனிந்துதான் நடந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, ஜேர்மன் மொழியான டொச் படித்து, முதியோரைப் பராமரிக்கும் தொழிலுக்கான பயிற்சிக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். இங்கே அவுஸ்பில்டுங் என்கிறோமே, அது. மூன்று வருடம், படிக்கும்போதே சம்பளம் உண்டு. ஒவ்வொரு இடமாக மறுத்துக்கொண்டே வந்தார்கள். நான் எதையும் இரண்டு தரம் யோசிப்பவள். அடுப்பை அணைத்தேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பிப் போய்ப் பார்ப்பவள். ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும், நேர்முகத்தில் எந்தச் சொல்லைப் பிழையாகச் சொன்னேன் என்று நாட்கணக்கில் தேடுவேன். ஒரு நாள் ஆரணி சப்பாத்துக்குள் விரல்களை மடக்கிக்கொண்டு நடப்பதைக் கண்டேன். கால் வளர்ந்துவிட்டது, அவள் கேட்கவில்லை. எங்கள் நிலைமை அவளுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அன்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பங்குனியில் ஒரு பிறந்தநாள் விழாவில், எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா ரோல்ஸ் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன தர்சி, இன்னும் சோசல்தானோ? அம்மனிட்ட ஒழுங்காக் கேக்கேல்லைப் போல.”

“கேட்டுக்கொண்டுதான் அக்கா இருக்கிறன்.”

“கேட்டால் மட்டும் காணாது. ஏதும் குடுக்கிறனெண்டு கேக்கோணும். சும்மா ஆர் தருவினம்?”

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் அம்மனுக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தேன். வேலை தா அம்மா, இந்த வருடத் தேருக்கு உனக்குப் பாற்குடம் எடுக்கிறேன். மாமிக்குச் சந்தோஷம். தமிழ்க் கடையில் செம்பும் மஞ்சள் சேலையும் அவரே தெரிவு செய்தார்.

தேர் வாரம் வந்தது. திங்கட்கிழமை ஒரு முதியோர் இல்லத்திலிருந்து தொலைபேசி. என்னை எடுப்பதா என்று பார்க்க, வார இறுதியில் இரண்டு நாள் வந்து வேலை செய்ய வேண்டுமாம். சனியும் ஞாயிறும். ஞாயிறு தேர்.

வேறு நாள் தர முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண்மணி பணிவாகத்தான் சொன்னார். விண்ணப்பித்த மற்றவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள், இதுதான் கடைசி வார இறுதி, இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

“தேரன்றோ?” என்றார் மாமி. “ஏலாதெண்டு சொல்லு. அம்மாளுக்கு வாக்குக் குடுத்தாச்செல்லோ.”

“விட்டால் அடுத்த வருஷம்தான் மாமி.”

“அப்ப அடுத்த வருஷம் போ.”

ரூபன் சிரித்துவிட்டார். “அம்மா, நேர்த்தி வச்சதே வேலைக்கு. வேலை கூப்பிடேக்க, ஏலாது நேர்த்தி கிடக்கெண்டு சொன்னால் அம்மனுக்கே சிரிப்பு வரும்.”

“உனக்கு எல்லாம் பகிடி. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. பிறகு ஏதும் நடந்தால் என்னட்டக் கேக்கக் கூடாது.”

மாமி கெட்டவர் இல்லை. அவர் அப்படி நம்புகிறார். ஆனால் அந்தக் கடைசி வசனம் என்னை விடவில்லை. அந்த வாரம் முழுக்க, வர முடியவில்லை என்று தொலைபேசியில் எழுதுவேன், அழிப்பேன். சனிக்கிழமை காலை சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, “நான் போறன் அம்மா. பாற்குடம் பிந்தும். கட்டாயம் எடுப்பன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். திரும்பிப் போய் அடுப்பைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் பாற்குடத்தோடு வீதி சுற்றிய நேரத்தில், நான் ஒரு முதியவரின் வீங்கிய காலுக்கு இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். “உங்கள் கை ஐஸ் மாதிரி இருக்கிறது” என்று முறைப்பட்டார். மற்றக் காலைத் தானே நீட்டினார். மத்தியானம் அந்தத் தளத்தின் பொறுப்பாளர் திருமதி நோவாக், இங்கே ஃப்ராவ் நோவாக் என்போம், புதன்கிழமை வாருங்கள், நிர்வாகியோடும் பேசலாம் என்றார்.

பின்னர் ஒரு தோழி, நீ அங்கே முதியவர்களுக்குப் பால் ஊற்றிக் கொடுத்ததும் ஒரு பாற்குடம்தான் என்று ஆறுதல் சொன்னாள். அன்போடு சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நான் பால் ஊற்றியது கோப்பிக்கு. நேர்த்தி வேறு, வேலை வேறு.

அன்று பின்னேரம் ரூபனும் மாமியும் ஆரணியைத் தூக்கிக்கொண்டு திருவிழாவிலிருந்து வந்தார்கள். பிள்ளையின் உடம்பு கொதித்தது. திங்கட்கிழமையும் காய்ச்சல் விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை உடுப்பு மாற்றும்போது பார்த்தேன். உள்ளங்கையில் கொப்புளம். உள்ளங்காலில் கொப்புளம். வாயைத் திறக்கச் சொன்னால் அழுதாள். நாக்கிலும் இருந்தது.

மாமி ஒரு தரம்தான் பார்த்தார். “அம்மாள் வந்திட்டா. செவ்வாய்க்கிழமை பாத்து வந்திருக்கிறா.”

திருவிழாவில் இருந்து கொண்டுவந்த வேப்பிலையை எடுத்து வாசற்கதவில் செருகினார். மருந்து கொடுக்கக் கூடாது, டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, இறங்கும்வரை பொறுக்க வேண்டும் என்றார்.

நான் உயிரியல் படித்தவள். கொப்புளம் எதனால் வரும் என்று பரீட்சையில் எழுதியவள். ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நானும் நம்பினேன். நான்தான் இதைப் பிள்ளைக்குக் கொண்டுவந்தேன் என்று நம்பினேன். சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

வேலையை எடுத்துக்கொள் அம்மா, பிள்ளையை விட்டுவிடு.

அந்த வசனம் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் ஆரணி அறையிலிருந்து தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். விழுங்க முடியாமல் துப்பினாள். அவளுடைய வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்து படத்தைப் பார்த்தபோது, எனக்குள் இருந்த பயம் அப்படியே கோபமாகிவிட்டது. வாழ்க்கையில் நான் யாரையும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. முதலில் எதிர்த்தது அம்மனைத்தான்.

“நீ அப்பிடிப்பட்டவளோ?” என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். “குடம் பிந்தினதுக்குக் குழந்தையில கை வைக்கிறவளோ? அப்பிடியெண்டால் சொல்லு, இந்தப் படத்தை இப்பவே கழட்டுறன். நீ தாயெண்டால் எனக்கு ரெண்டும் தா. பிள்ளையும் வேணும், வேலையும் வேணும். ஒண்டைக் குடுத்து மற்றதை வாங்க நான் வரேல்லை.”

பின்னால் மாமி கையில் மிச்ச வேப்பிலையோடு நின்றார்.

“அம்மாளோட இப்பிடியோ கதைக்கிறது?”

“வேற ஆரோட மாமி கதைக்க?”

நான் பிள்ளைக்குச் சட்டை போட்டேன். வாசலுக்குப் போனால் மாமி வெளியே போகப் போடும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதலே நிற்கிறார். “நானும் வாறன்” என்றார்.

குழந்தைகள் மருத்துவரின் காத்திருப்பு அறையில் இருக்க இடமில்லை. ஆரணியின் கிண்டர்கார்டன் பிள்ளைகள் நான்கு பேர் அங்கே இருந்தார்கள். ஒரு டொச் தாய், ஒரு துருக்கித் தாய், இரட்டையரில் ஒன்றை மடியிலும் ஒன்றைத் தோளிலும் வைத்திருந்த இன்னொருவர். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அதே கொப்புளம்.

நான் மாமியின் காதுக்குள் குனிந்தேன். “மாமி, இவையள் எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வச்சவையாம்?”

மாமி முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உனக்கு வாய் கூடிப்போச்சு. வேலை கிடைக்க முதலே இப்பிடியெண்டால், சம்பளம் வந்தால் எங்களை விக்கவும் பாப்பாய்.”

ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

கை, கால், வாய் மூன்றிலும் வரும் தொற்று என்றார் மருத்துவர். கிண்டர்கார்டனில் பரவிக்கொண்டிருக்கிறது, ஒரு கிழமையில் போய்விடும், குளிர்ச்சியாக ஏதாவது கொடுங்கள், ஐஸ்கிரீம்கூடக் கொடுக்கலாம். “காய்ச்சலுக்கு ஐஸ்கிரீமோ?” என்று மாமி தமிழில் மருத்துவரையே கேட்டார். வெளியே வந்ததும் அவரே வாங்கிக் கொடுத்தார். ஆரணியை வைத்துத் தள்ளிய வண்டியின் மடிப்புக்குள் ஒரு வேப்பிலைக் கொப்பும் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். அது அவருடைய அன்பு.

ஒரு பயம் போய் அடுத்தது வந்தது. மறுநாள் புதன்கிழமை. நான் அந்த இல்லத்துக்குப் போக வேண்டும். எனக்கு ஒரு கொப்புளமும் இல்லை. ஆனால் நோய் என் உடம்பில் தெரியாமலே இருக்கலாம், பலவீனமானவர்களுக்கு என் கையால் போகலாம். படித்தது இப்போது ஞாபகம் வந்தது.

“சொல்லாமல் விடுமன்,” என்றார் ரூபன். “உமக்கு ஒண்டுமில்லைத்தானே. சொன்னால் வேற ஆளை எடுப்பினம்.”

அவர் சொன்னதும் பிழையில்லை. நானும் அதையே நினைத்தேன். ஆனால் காலையில் அம்மனிடம் அப்படிப் பேசிவிட்டு, பின்னேரம் ஒளித்து வேலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஃப்ராவ் நோவாக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். “நன்றி. வரவேண்டாம்” என்றார். அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. அந்த வாரம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அந்த ரோல்ஸ் அக்காவுக்கு எப்படியோ கதை போய், “வந்த சீதேவியை ஆராவது துரத்துவினமோ?” என்று கேட்டாராம். நான் பழையபடி குழம்பினேன். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. காலையில் விளக்கேற்றும்போது, ரெண்டும் வேணும் என்றே கேட்டேன். பிள்ளைக்குக் கொப்புளம் வாடி உதிர்ந்தது. பாதி கிடைத்ததே, போதும் என்று சொல்லச் சொல்லி மனம் சொன்னது. நான் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சோறு வடிக்கும்போது தொலைபேசி அடித்தது. ஃப்ராவ் நோவாக். முதல் கேள்வி, மகள் எப்படி இருக்கிறாள்? இரண்டாவது, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க எப்போது வருவீர்கள்? மாமி என் கையிலிருந்த பானையை வாங்கி மிச்சக் கஞ்சியை வடித்துக்கொண்டே, “ஓம் எண்டு சொல்லு, ஓம் எண்டு சொல்லு” என்று என்னை முழங்கையால் இடித்தார்.

நான் உண்மையைச் சொன்னதற்காகத்தான் எடுத்தார்களா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. எங்கும் பராமரிப்பு வேலைக்கு ஆள் காணாது, அதனாலும் இருக்கலாம். காரணத்தை அவர்கள் சொல்லவில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் அதற்குள் என் அம்மன் இருந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் யோசிக்கும் நான் இதை மட்டும் ஒரு தரம்தான் யோசித்தேன்.

ஆடிப்பூரத்தன்று பாற்குடம் எடுத்தேன். வேலை கிடைத்ததற்குக் கூலியாக எடுக்கவில்லை. சொன்ன சொல்லுக்காகவும், அவள் மீதுள்ள ஆசையினாலும் எடுத்தேன்.

இப்போது பயிற்சிக்குப் போய்வருகிறேன். உடம்பு நோகிறது. புத்தகத்தில் வரும் நீளமான டொச் சொற்களோடு சண்டை பிடிக்கிறேன். ரூபன் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் படிக்கிறார், ஆரணியைக் கிண்டர்கார்டனில் விடுவதும் எடுப்பதும் அவர்தான். இன்னும் கொஞ்ச அரசாங்க உதவி வருகிறது. அதுவும் ஒரு நாள் நிற்கும். நிற்கும்வரை வாங்குவோம், நிமிர்ந்து வாங்குவோம்.

வேலையில்லாமல், கையில் பிள்ளையோடு இதை வாசிக்கும் தாய்க்குச் சொல்கிறேன். உங்கள் கஷ்டம் தண்டனை இல்லை. அம்மனுக்கு நீங்கள் விலை சொல்ல வேண்டாம், அவள் வியாபாரத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை. போய்க் கேளுங்கள். அழுது கேட்க முடியாவிட்டால் கோபித்துக் கேளுங்கள். தேவையானது முழுவதையும் கேளுங்கள். யாராவது உங்கள் பக்கத்தில் வந்திருந்து, ஒழுங்காகக் கேட்கவில்லைப் போல என்று சொன்னால், எழும்பி என்னிடம் வாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் அம்மனுக்கு இடது பக்கம், தூணோரம் இருப்பேன். எனக்கு வேலை நாளென்றால் நான் அங்கே இருக்க மாட்டேன். பரவாயில்லை, நீங்கள் இருங்கள். அவள் இருப்பாள்.