அப்பாவுக்கு வராத கணக்கு

எங்கள் அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கியதே பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஓட்டுவதற்காக வாங்கியிருந்தால் ஓட்டியிருப்பாரே. வார நாட்களில் தேயிலைத் தொழிற்சாலைக்குக் குறுக்குப் படிகளில் நடந்தே இறங்குவார், நடந்தே ஏறி வருவார். வண்டி லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுச் சுவரோரம் படங்குச் சீலைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை பசறைக்குச் சாமான் வாங்கப் போவதற்கு மட்டும் அதை எழுப்புவார்.

எழுப்புவார் என்று சொன்னேனே தவிர, எஞ்சினை எழுப்ப மாட்டார். எங்கள் லயத்திலிருந்து கீழே வரைக்கும் முழுக்க இறக்கம். சாவியைத் திருப்பாமலே காலால் இரண்டு உந்து உந்திச் சரிவில் விட்டுவிடுவார். சாவி போடாத வண்டியில் ஹோர்ன் அடிக்காது. அதற்குத்தான் நான். டேங்கின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் “பீப், பீப்” என்று கத்துவது என் பொறுப்பு. எனக்குத் தொண்டை கட்டியிருந்த ஒரு சனிக்கிழமை, விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர், முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிட்ட எங்களைப் பார்த்து விறகைப் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தார். அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்டு, விறகைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, பசறையில் முதல் வேலையாக எனக்கு இருமல் மிட்டாய் வாங்கித் தந்தார்.

திரும்பி வரும்போது ஏற்றம். அம்மாவும் வந்திருந்தால் பாதி வழியில் எங்கள் இரண்டு பேரையும் இறக்கிவிடுவார். “வெயிட்டு கூடுனா குடிக்கும்” என்பார். அரிசியும் மாவும் சொகுசாக வண்டியில் போகும், நாங்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடப்போம். காற்றைத் தடுக்கிறது என்று இடது பக்கக் கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

இத்தனைக்கும் அவர் கஞ்சரில்லை. கணக்கில் ஒரு குறை இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். அது அவருடைய தொழில் கொடுத்த புத்தி. மலையிலிருந்து நிறுத்து அனுப்புகிற கொழுந்தைத் தொழிற்சாலைத் தராசில் மறுபடி நிறுத்து, இரண்டு எடையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு லொறிக் கொழுந்தில் ஒரு கிலோ குறைந்தாலும் போதும். உதட்டை மட்டும் லேசாக அசைத்து மனதுக்குள் கூட்டிக் கழித்து, எந்த மலையிலிருந்து வந்த சாக்கில் குறைந்தது என்று சொல்லிவிடுவார். லொறிக்காரர்கள் அவருடைய உதட்டைப் பார்த்தே பயப்படுவார்கள்.

அப்படிப்பட்டவரை இந்த வண்டி போட்டு ஆட்டி வைத்தது. பழைய வண்டியாக வாங்கியது. வாங்கும்போதே மீட்டர் முள் சைபரில் செத்துக் கிடந்தது. அதனால் தூரத்தை அவரே கணக்குப் பண்ணிக்கொண்டார். பசறைக்குப் போய் வரப் பதினாறு கிலோமீட்டர். ஒரு தேயிலை மிளாறுக் குச்சியில் கத்தியால் கோடு கீறி, ஒவ்வொரு சனிக்கிழமையும் பெட்ரோல் ஷெட்டில் டேங்குக்குள் விட்டுப் பார்த்து, மேல் கோடு வரைக்கும் நிரப்புவார். வீட்டில் ஒரு நாளும் டேங்க் மூடியைத் திறக்க மாட்டார். திறந்தால் பெட்ரோல் ஆவியாகப் போய்விடுமாம். ஆக, ஒரு வாரத்தில் வண்டி ஓடிய பதினாறு கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் பிடித்தது.

“கொழுந்து லொறி கூட இதவிடக் கம்மியாக் குடிக்கும்” என்று சோற்றில் கை வைத்தபடி புலம்புவார்.

பசறையில் வண்டி திருத்துகிற நானா அந்தக் கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டியே களைத்துப்போனார். “அண்ணே, அல்லா மேல சத்தியமா எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல” என்று கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அப்பா நம்ப மாட்டார். ப்ளக்கை மாற்றினார், டயருக்குக் காற்று கூட்டினார், ஷெட்காரன் அளவில் ஏமாற்றுகிறான் என்று ஷெட்டையே மாற்றினார். வண்டி குடிப்பதை விடவில்லை.

குடித்தது வண்டியில்லை, என் அம்மா.

கல்யாணத்துக்கு முன்னால் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தபோது, தன் அண்ணனுடைய வண்டியில் பழகி அம்மா லைசனும் எடுத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த லைசன் பெட்டியில் கூறைச்சேலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தபடி லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டி நடந்து போகப் போக, வண்டி அவள் கண்ணெதிரே சும்மா நின்றது. எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? சாவி சாமி படத்துக்குக் கீழே ஆணியில்தான் தொங்கியது.

முழு லயத்துக்கும் இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருத்திக்குப் பசறையிலிருந்து காய்ச்சல் மருந்து வந்திருக்கும், இன்னொருத்தியை அம்மா பிரசவத்துக்கு முன்னால் கிளினிக்குக்கு ஏற்றிப் போயிருப்பாள். பாக்கிப் பேருடைய ரவிக்கையெல்லாம் அம்மாவின் கத்தரிக்கோலுக்குக் கீழே இருந்தன. எனக்குத் தெரிய வந்தது அந்த ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில்தான். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாமல் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

அம்மா எஞ்சினை நிறுத்தவே மாட்டாள். ஹோர்ன் தானே அடித்தது, நான் வேடிக்கை மட்டும் பார்த்தேன். பசறையைத் தாண்டி மொனராகலை ரோட்டில் இறங்குவோம். முதலில் தேயிலையும் குளிரும். பிறகு ஒரு வளைவில் தேயிலை முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்கும். அந்த இடத்தில் காற்று சட்டென்று வெதுவெதுப்பாக முகத்தில் படும். அம்மா வண்டியை ஓரங்கட்டி இரண்டு பேருடைய சுவெட்டரையும் கழற்றிப் பைக்குள் வைப்பாள். அங்கேயே திரும்புவதாகத்தான் கிளம்பும்போது பேச்சு. ஆனால் முன்னால் இன்னொரு வளைவு இருக்குமே.

“இன்னும் ஒரே ஒரு வளைவு மட்டும் பாத்துட்டுத் திரும்பிருவோம், பாப்பா.”

அந்த ஒரு வளைவு பத்தாகும். ரோட்டோரத்தில் அவித்த சோளம் வாங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தின்போம். வீட்டில் அதிகம் பேசாத அம்மா அங்கே வாய் ஓயாமல் பேசுவாள், பாடக்கூடப் பாடுவாள். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்திருந்தது. அப்பாவிடம் கேட்டுவிட்டே வரலாமே என்று ஒரு நாள் கேட்டேன். “அப்பா வேணாம்னு சொல்ல மாட்டாரு. எங்க, எத்தன கிலோமீட்டர், எதுக்குன்னு கேப்பாரு. எதுக்குன்னு கேட்டா நான் என்னா சொல்றது?” என்றாள். சோளம் தின்ன என்று சொல்லலாமே என்றேன். அது நம்ம தோட்டத்துக் கடையிலேயே கிடைக்குமே என்று சிரித்தாள்.

விடுமுறை முடிவதற்குள் அப்பாவின் பொறுமை முடிந்துவிட்டது. கீழ்ப்பிரிவுக் கங்காணி ரொம்ப நாளாக ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை சாயந்தரம் வந்து பார்க்கட்டும், பிடித்தால் கொண்டுபோகட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா “வித்தா வித்துக்குங்க” என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அப்பாவும் நானும் ஒன்றும் சொல்லாமல் தின்றோம்.

அந்த வாரம் வியாழக்கிழமை அம்மா என்னைக் காலையிலேயே குளிப்பாட்டினாள். கடைசித் தடவையாக மொனராகலை டவுன் வரைக்கும் போவது என்று முடிவு செய்திருந்தாள். பசறையைத் தாண்டியிருப்போம். டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த நான் குனிந்து பார்த்தபோது, செத்துக் கிடந்த மீட்டர் முள் உயிர் பெற்று ஆடிக்கொண்டிருந்தது.

“அம்மா, முள்ளு ஆடுதும்மா!”

அம்மா வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முள் சைபருக்கு இறங்கியது. ஆனால் அதற்குக் கீழே இருந்த கிலோமீட்டர் இலக்கங்கள் உருண்டது உருண்டதுதான். வண்டி வாங்க வருகிறவர் மீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்பார் என்பதற்காக, போன சனிக்கிழமை தனியாகப் போனபோது நானாவிடம் புதுக் கேபிள் போட்டிருக்கிறார் அப்பா. வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லையே.

நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். முன்னால் போனால் இலக்கம் கூடுகிறது என்றால், பின்னால் தள்ளினால் குறையத்தானே வேண்டும்? அம்மா வேறு வழி தெரியாமல் இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை ரோட்டோரமாகப் பின்னுக்குத் தள்ளினோம். எதிரே வந்த பஸ்காரன் வேகத்தைக் குறைத்து, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டான். அம்மா முகத்தை மூடிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். வியர்க்க வியர்க்கத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தால் ஓர் இலக்கம்கூட அசையவில்லை.

அம்மா மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்து ஹெல்மெட்டை மாட்டினாள்.

“போனது போச்சு. இன்னும் ஒரே ஒரு வளைவு பாத்துருவோம்.”

அன்றைக்கு மொனராகலை டவுனைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.

சனிக்கிழமை அப்பா பசறைக்குத் தனியாகப் போய்ப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்தார். சாயந்தரம் கங்காணி வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“மைலேஜ் எப்பிடிங்க?” என்றார் கங்காணி.

அப்பா என்னைக் கூப்பிட்டார். போன சனிக்கிழமை இருந்த இலக்கத்தை மனதிலிருந்து சொன்னார். மீட்டரில் இப்போது இருக்கிறதைப் படிக்கச் சொன்னார். கழிக்கச் சொன்னார். நூற்றி நாலு. இரண்டு லிட்டர் பிடித்ததாம், வகுக்கச் சொன்னார்.

“அம்பத்திரண்டு” என்றேன்.

கங்காணி எழுந்தே நின்றுவிட்டார். “லிட்டருக்கு அம்பத்திரண்டா! இப்பவே சாவியக் குடுங்க” என்றார்.

அப்பா மீட்டரைப் பார்த்தார். அவருடைய உதடு லேசாக அசைந்தது. பிறகு திரும்பித் தையல் மெஷின் பக்கம் பார்த்தார். அம்மா தலையைத் தூக்கவே இல்லை. ஊசியில் நூல் இல்லாமலே தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“கங்காணி, குத்தமா நெனைச்சுக்காதீங்க. இவ்வளவு மைலேஜ் குடுக்குற வண்டிய எவனாச்சும் விப்பானா?” என்றார்.

கங்காணி இன்னொரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு, மனசில்லாமல் நடந்து போனார்.

அதற்குப் பிறகு அப்பா மைலேஜைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கழற்றி வைத்திருந்த இடது பக்கக் கண்ணாடியைத் தேடி எடுத்து அன்றைக்கே பூட்டினார். “ரோட்டுல பின்னால வர்ற வாகனம் தெரியணும்ல” என்று பொதுவாகச் சொன்னார். கோடு கீறிய மிளாறு அடுப்புக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பிக்கொண்டு வந்து, காலியாக இருந்தால் உள்ளே துருப்பிடித்துவிடுமாம் என்றார். எங்கே, எத்தனை கிலோமீட்டர், எதற்கு என்று யாரிடமும் கேட்கவில்லை. வழக்கம் போலத் திங்கட்கிழமை படிகளில் இறங்கி நடந்தே வேலைக்குப் போனார்.

எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அப்பாவை நினைத்துப் பரிதாபமாகவும் இருந்தது. வாரம் ஒரு தடவை பசறைக்குப் போய் வருகிற வண்டி நூற்றி நாலு கிலோமீட்டர் எப்படி ஓடியது என்று கேட்கத் தெரியவில்லையே! எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகூடக் கேட்டிருக்கும். அம்மாவிடம் அதைச் சொன்னேன். “பாவம்மா அப்பா. அவருக்குக் கழித்தல் கணக்கு வரலம்மா.”

மெஷின் நின்றது. அம்மா சிரிப்பாள் என்று பார்த்தால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆமா பாப்பா, வரல” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கள் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கணக்கு வரவே கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். அம்மன் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள் என்றுதான் ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.