வேன் வீட்டுக்கு லித்தியம் பேட்டரி போட்ட கதை

பள்ளி வேன் ஓட்டுவதை நிறுத்தியபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. கிள்ளானில் இருபத்திரண்டு வருடம் ஒரே பாதை. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள், வேனும் பழசாகிவிட்டது, விட்டுவிட்டேன். இனி ஓய்வுதான் என்றார்கள் எல்லாரும். எனக்கு ஓய்வு வரவில்லை. காலையில் பசியாறுவதையே நின்றுகொண்டு செய்தேன். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். பதினோரு மணிக்குள் காய்கறி வாங்கப் பாசாருக்கு இரண்டு நடை போய் வந்திருப்பேன். வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் தாமான் வரிசை வீட்டில் எந்த அறையில் நின்றாலும் அடுத்த அறையில் ஏதோ வேலை இருப்பதுபோல் இருக்கும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

மூன்றாவது மாதம், அம்பாங்கில் ஒரு வயதான தம்பதியிடம் பழைய வேன் வீடு ஒன்றை வாங்கினேன். உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரிகள். அவற்றைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புவதிலேயே குறியாக இருந்தேன்.

என் அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இனிப்பு நீர். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். கிளினிக், கோயில், கீழே மளிகைக்கடை, இவற்றைத் தாண்டி அவள் எங்கும் போய் வருடக்கணக்காகிறது. கூட வா என்றதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஃபிரிட்ஜ் இருக்கா?”

“இருக்கு, வா.”

கேரித் தீவுக்குப் போனோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. ஆற்றோரமாக வேனை நிறுத்தினோம். மறுநாள் மதியம், தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது. வேனுக்குள் தகரத்தைத் தொட்டால் கை சுடும் சூடு. அக்காவின் இரண்டு மாத இன்சுலின் முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

அக்கா ஊசிப் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

“இது இனிமே ஆகாது. வீட்டுக்குப் போலாம்.”

வழி நெடுக எண்ணெய்ப் பனைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே தென் கிள்ளானில் ஒரு பட்டறைக்குப் போனேன். படகுகளுக்கு பேட்டரியும் சோலாரும் போட்டுப் பழகியவர் அதை நடத்தினார். நாற்பது வயது இருக்கும். கட்டிலுக்கு அடியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஆன்டி, இது பழைய ஈய பேட்டரி. பாதிக்கு மேல எடுத்தாலே கெட்டுப் போயிடும். வண்டி ஓடுனா கொஞ்சம் ஏறும், நின்னா ஒரு நாள்கூட தாங்காது லா.”

“என்ன செய்யலாம்?”

“லித்தியம் போடுங்க. கூரையில ரெண்டு சோலார் பேனல். நீங்க நாலு நாள் அசையாம நின்னாலும் ஃபிரிட்ஜ் ஓடும்.”

நாலு நாள் அசையாமல் நிற்பதா? அதைக் கேட்டதும் எனக்குக் கால் கூசியது. ஆனாலும் சரி என்றேன். பேட்டரியும் பேனலும் கையிருப்பில் இருந்தன. வண்டியிலிருந்து லித்தியத்துக்கு அளவாக மின்சாரம் அனுப்பும் சார்ஜர் பெட்டி மட்டும் வர மூன்று வாரம் ஆகும், எல்லாவற்றையும் சேர்த்தே மாட்டுவோம் என்றார். பேட்டரியை வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று நான்தான் அடம் பிடித்தேன். கொடுத்தார். ஆனால் வேன் வரைக்கும் வந்து சொன்னார்: “பெட்டி வர்ற வரைக்கும் இத கனெக்ட் பண்ணாதீங்க.”

ஐந்து நாள் அந்தப் பேட்டரி என் கூடத்தில் கிடந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் கைப்பேசியில் பேட்டரி மாற்றும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அதில் செய்வது கஷ்டமாகத் தெரியவில்லை. ஸ்பானரை எடுத்துப் பழசைக் கழற்றிவிட்டு, அதே கம்பிகளில் புதுசை மாட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வெற்றி தலைக்கேறி, நேராக பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் அக்காவை ஏற்றிக்கொண்டேன்.

அவள் ஒரு குளிர்ப்பையில் ஐஸ் கட்டியும் இன்சுலினும் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

“ஃபிரிட்ஜுதான் ஓடுதே, அதுல வை.”

“இருக்கட்டும்,” என்றாள்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் நல்ல நெரிசல். ஊர்ந்துகொண்டிருந்தோம். முதலில் ரப்பர் கருகும் வாடை வந்தது. முன்னால் போகும் லோரி என்று நினைத்தேன். பிறகு மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு புகை. எப்படியோ ஓரம் ஒதுங்கி, ஒரு மேம்பாலத்தின் அடியில் நிறுத்தினேன். அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் பக்கத்தில் வந்து ஒதுங்கினார்கள்.

இழுவை லோரிக்குச் சொல்லிவிட்டு நான் வேனைச் சுற்றி நடந்தேன். அக்கா சாலைத் தடுப்பில் உட்கார்ந்திருந்தாள், பை மடியில்.

“அந்தக் கடைக்காரரு காத்திருக்கச் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“எத்தன நாளு?”

“மூணு வாரம்.”

“நீ எத்தன நாளு இருந்த?”

“அஞ்சு.”

மழையைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள். “உன் வீட்டுக்காரரு போனப்பவும் அப்படித்தான். பதினாறாம் நாள் காரியம்கூட முடியல. அஞ்சாம் நாளே ஸ்கூல் வேன எடுத்துக்கிட்டுப் போயிட்ட. வந்த சனத்துக்கு நான்தான் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

ஒன்பது வருடமாக அவள் இதைச் சொன்னதில்லை. நான் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பட்டறைக்காரர் ஏசவில்லை. வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கருகியிருந்தது, அதைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “லித்தியம் எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கும், ஆன்டி. போதும்னு சொல்லாது. இது ஓய்வில்லாம குடுத்துக் குடுத்து எரிஞ்சிடுச்சு. அதான் நடுவுல அந்தப் பெட்டி வேணும்.”

மிச்சமிருந்த நாட்களைக் காத்திருந்தேன். நன்றாகக் காத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. தினமும் ஒரு காரணத்தோடு பட்டறைக்குப் போனேன். பெட்டி வந்த அன்று என்னை ஏணியில் ஏற்றிவிட்டார்கள். பேனலின் சட்டத்தைச் சுற்றி நான்தான் பசை தடவினேன். “இன்னைக்கு முழுக்க காயணும், தொடாதீங்க,” என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு நானும் அக்காவும் மோரிப் கடற்கரைக்குப் போனோம். பேனலில் மரக்கிளை நிழல் விழுந்தால் மின்சாரம் குறைந்துவிடும் என்பதால், வேனை வெட்டவெளியில் விட்டுவிட்டு நாங்கள் தள்ளிப் போய்ச் சவுக்கு நிழலில் பாய் விரித்தோம். வேன் வெயிலில் கிடந்தது. ஃபிரிட்ஜில் இன்சுலின், தயிர், அக்கா அரைத்துக்கொண்டு வந்த தோசை மாவு. பேட்டரி எத்தனை சதவீதம் என்று கைப்பேசி காட்டும். அரை மணிக்கு ஒரு தரம் பார்த்தேன். இரண்டாம் நாள் அக்கா கைப்பேசியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. வெயில் எட்டியே பார்க்கவில்லை. நான் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினேன்.

“எங்க கெளம்புற?”

“வெயிலே இல்ல. பேட்டரி எறங்கிடும். கொஞ்சம் ஓட்டுனா ஏறும்.”

அவள் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். எழுபத்தொன்று. “போதும் லா. உக்காரு.”

உட்கார்ந்தேன். அலை வெகுதூரம் உள்வாங்கி, சேறு மின்னிக்கொண்டிருந்தது. என் முட்டி தானாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதன்மேல் கையை வைத்தாள். நானாகத்தான் ஆரம்பித்தேன்.

“அவரு போனப்ப வீடு முழுக்க ஆளு. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. உக்காந்தா அழணும். ஓட்டுனா ரோட்ட மட்டும் பாத்தா போதும். அதான் போனேன், அக்கா.”

“தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் அன்னைக்குப் பாலத்துக்கு அடியில அப்படிச் சொன்ன?”

“நீயே சொல்லுவியான்னு பாத்தேன்.” பிறகு, “இப்ப அழணுமா?” என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். “இப்ப வரல.”

“வராட்டி விடு. டீ ஓ போடட்டுமா?”

அவள் பால் இல்லாமல் டீ ஓ போட்டாள். நான் குடித்தேன், பிறகு தண்ணீர் ஓரம்வரை நடந்து போய்விட்டு வந்தேன். அன்று மாலை அவளே கேட்டாள், இன்னும் இரண்டு நாள் இருக்கலாமா என்று. எனக்கு அன்றே கிளம்பினால் தேவலை போலிருந்தது. இருக்கலாம் என்றேன்.

இப்போது மாதம் ஒரு முறை போகிறோம். போன வாரம் தொலைபேசியில், கேமரன் மலைக்கு அந்த வண்டி ஏறுமா என்று கேட்டாள். ஏறும் என்றேன். மலைச் சாலையின் வரைபடத்தை இதுவரை நாலு தடவை பார்த்துவிட்டேன். புறப்பட இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.